லைப்போசக்‌ஷன்: "காலையில் வாங்க, மாலையில் வீட்டுக்குப் போங்க"

இன்ஸ்டாகிராமைத் திறந்தாலே "காலையில் அட்மிஷன், மாலையில் வீடு, தழும்புகூடத் தெரியாது" என்று, கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்‌ஷன் விளம்பரம் வந்து நிற்கிறது. தழும்பு பெரிதாகத் தெரியாது என்பது உண்மைதான், போடுவது சின்னத் துளைகள். எனக்கு உறுத்துவது அந்த "மாலையில் வீடு". இந்தச் சிகிச்சையில் உயிருக்கு உலை வைக்கும் விஷயங்களில் பல, வீட்டுக்குப் போன பிறகுதான் தலைகாட்டும்.

முதலில் மருந்து. கொழுப்பை உறிஞ்சுவதற்கு முன் தோலுக்கடியில் லிட்டர் கணக்கில் திரவம் ஏற்றுவார்கள். 1 லிட்டர் சலைனில் 500 முதல் 1000 மி.கி. லிக்னோகெயின் (மரத்துப்போக வைக்கும் மருந்து), 1 மி.கி. அட்ரினலின், கொஞ்சம் சோடியம் பைகார்பனேட். கலிபோர்னியா தோல் மருத்துவர் ஜெஃப்ரி க்ளைன் 1980களில் கொண்டுவந்த முறை இது. அட்ரினலின் ரத்தக்குழாய்களைச் சுருக்குவதால் ரத்தம் அதிகம் போகாது, லிக்னோகெயினும் மெதுவாகத்தான் ரத்தத்தில் கலக்கும். அதனால்தான் மற்ற இடங்களில் அட்ரினலினோடு போட்டாலும் கிலோவுக்கு 7 மி.கி. தாண்டாத மருந்தை இதில் 35 வரை போடுகிறார்கள், 55 வரை போகிறவர்களும் உண்டு. 60 கிலோ பெண்ணுக்கு 35 என்று வைத்தால் 2100 மி.கி. லிட்டருக்கு 500 கலந்தால் 4 லிட்டரிலும், 1000 கலந்தால் 2 லிட்டரிலும் எல்லை வந்துவிடும். வயிறு, தொடை, கை மூன்றையும் ஒரே நாள் "பேக்கேஜில்" முடித்துத் தருகிறோம் என்பவரிடம் இந்தக் கணக்கைக் கேளுங்கள்.

மெதுவாகக் கலப்பதில்தான் வில்லங்கமும் இருக்கிறது. ரத்தத்தில் மருந்தின் அளவு உச்சத்தைத் தொடுவது சுமார் 12 மணி நேரம் கழித்து. காலை 10 மணிக்கு ஏற்றினால் இரவு 10 மணி, நீங்கள் வீட்டில் தூங்கப் போகும் நேரம். உதடும் நாக்கும் மரத்துப்போவது, காதில் இரைச்சல், வாயில் இரும்புச் சுவை, பேச்சுக் குழறல் எல்லாம் ஆரம்ப அறிகுறிகள். அதற்கடுத்து வலிப்பு வரும், இதயத் துடிப்பு தடுமாறும். கல்லீரல்தான் இந்த மருந்தை உடைக்க வேண்டும். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கும், படர்தாமரைக்கு நம் ஊரில் வாரக்கணக்கில் விழுங்கும் இட்ராகொனசோலும் அந்த வேலையைத் தடுப்பவை. "அது தோலுக்குப் போடற மாத்திரைதானே" என்று சர்ஜனிடம் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். லிக்னோகெயின் நஞ்சானால் கொடுக்க வேண்டியது 20 சதவீத லிப்பிட் எமல்ஷன், அதாவது நரம்பில் ஏற்றும் கொழுப்புத் திரவம். (கொழுப்பை எடுத்த ஆளுக்குக் கொழுப்பையே ஏற்றிக் காப்பாற்ற வேண்டும்!) அந்தக் கிளினிக்கில் அது இருப்பு இருக்கிறதா?

2000இல் வெளியான அமெரிக்கக் கணக்கெடுப்பு ஒன்றில் ஏறத்தாழ 5000 பேருக்கு ஒருவர் இறந்திருந்தார். இது பழைய கணக்கு, கைதேர்ந்தவர்களிடம் இன்று இதைவிடக் குறைவு. ஆனால் அதில் முதலிடம் பிடித்த காரணம், காலில் உறைந்து நுரையீரலுக்கு ஏறிய ரத்தக்கட்டி. இது இரண்டு, மூன்று வாரம் கழித்தும் வரலாம். கருத்தடை மாத்திரை, அதிக எடை, கூடவே டம்மி டக் (தொங்கும் வயிற்றுத் தோலை வெட்டித் தைப்பது) செய்வது எல்லாமே ஆபத்தைக் கூட்டும். வளைகுடாவிலிருந்து பதினைந்து நாள் லீவில் வந்து, செய்துகொண்டு, அப்படியே மணிக்கணக்கில் காலை அசைக்காமல் உட்கார விமானம் ஏறும் வழக்கம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

அதே கணக்கெடுப்பில் அடுத்த பெரிய காரணம் வயிற்றுச் சுவரையோ குடலையோ துளைப்பது. கொழுப்பை உறிஞ்சும் குழாயான கானுலாவின் முனை மழுங்கியதுதான், ஆனால் கண்ணுக்குத் தெரியாமல்தான் உள்ளே போய் வருகிறது. தொப்புள் ஹெர்னியா, பழைய ஆபரேஷன் தழும்பு உள்ள வயிற்றில் அது வழுக்கி உள்ளே இறங்கலாம். முன்கூட்டியே வயிற்று ஸ்கேன் கேட்பது அதற்காகத்தான். துளைத்த அன்று ஒன்றும் தெரியாமல் போகலாம், வலி மாத்திரை அமுக்கி வைத்திருக்கும். இரண்டாம் மூன்றாம் நாள் வலி குறையாமல் ஏறுகிறது, காய்ச்சல், வாந்தி, வயிறு உப்புகிறது என்றால் போனில் "நார்மல்தான்" என்று சொல்வதை நம்பாமல் சி.டி. ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குப் போங்கள். முதல் மூன்று நாளுக்குள் மூச்சுத் திணறல், குழப்பம், மார்பில் சிவப்புப் புள்ளிகள் வந்தால் கொழுப்புத் துளிகள் நுரையீரலில் அடைத்திருக்கலாம், அதற்கும் ஐ.சி.யு.தான்.

எடுத்த அளவு 5 லிட்டரைத் தாண்டினால் இரவு முழுக்க மருத்துவமனையில் கண்காணிப்பில் இருக்க வேண்டும் என்பது பிளாஸ்டிக் சர்ஜன்கள் ஏற்றுக்கொண்ட நடைமுறை. எடை குறைப்புக்காக அத்தனை லிட்டர் எடுக்கச் சொல்வது வேறு வம்பு. உறிஞ்சுவது தோலடிக் கொழுப்பை மட்டுமே, குடலைச் சுற்றியிருப்பது அங்கேயேதான் இருக்கும். பருமனான 15 பெண்களிடம் செய்து 2004இல் வெளியான ஆய்வில் 10 கிலோ அளவுக்குக் கொழுப்பு எடுத்தும் இன்சுலின் செயல்பாடு மாறவில்லை.

கடைசியாக ஒன்று. எல்லாம் ஆறிய பிறகு, வாரங்கள் கழித்து, துளை போட்ட இடங்களில் கட்டி கட்டியாக வந்து சீழ் கசிந்தால் சாதாரண ஆன்டிபயாட்டிக்கோடு நிற்காதீர்கள். கானுலாவைக் குழாய்த் தண்ணீரில் அலசி, சரியாக ஸ்டெரிலைஸ் செய்யாத இடங்களில் காசநோய்க் கிருமியின் உறவுக்காரக் கிருமி ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். வழக்கமான கல்ச்சரில் அது தப்பிவிடலாம். சீழை மைக்கோபாக்டீரியா கல்ச்சருக்கு என்று தனியாக எழுதி அனுப்பச் சொல்லுங்கள். சிகிச்சை மாதக்கணக்கில் போகும்.