பாவூர்சத்திரத்துக்குக் குடிவர நினைப்பவர்களுக்கு

"பாவூர்சத்திரத்துல வீட்டுமனை பிளாட் வாங்கலாமா, அமைதியான ஊர்தானே?" என்று இன்பாக்ஸில் கேட்பவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தட்டித்தட்டி விரல் வலிக்கிறது, அதனால் மொத்தமாக இங்கேயே சொல்லிவிடுகிறேன். அமைதிதான் வேண்டும் என்றால் வேறு ஊர் பாருங்கள். இது தென்காசி பக்கத்துச் சந்தை ஊர். ராத்திரி லாரி ஓடும், விடியும் முன்பே குட்டியானை வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கும், காமராஜர் மார்க்கெட் பக்கம் போனால் வெண்டையும் கத்தரியும் உள்ளியும் மூட்டை மூட்டையாக இறங்கிக்கொண்டிருக்கும், நடுவில் புகுந்து ஸ்கூட்டி ஓட்டத் தெரிந்தால் நீங்கள் உலகத்தில் எங்கே வேண்டுமானாலும் ஓட்டலாம்.

நாங்கள் வந்த காரணம் சாதாரணமானதுதான். எனக்கு வேலை பாளையங்கோட்டையில், வீட்டுக்காரருக்குத் தென்காசியில். பாளையங்கோட்டைப் பெருமாள்புரத்தில் இருந்தபோது அவர் அலைந்தார், வாடகையும் கட்டுப்படியாகவில்லை, சரி நடுவில் ஒரு ஊர் பார்ப்போம் என்று முடிவு செய்தோம். நடு என்று சொன்னேனே தவிர மேப்பைப் பார்த்தால் தென்காசிக்குப் பக்கத்தில் இருக்கிறது. எங்கள் வீட்டுப் பேச்சுவார்த்தையில் யார் ஜெயித்தது என்று புரிந்திருக்கும்.

அலைச்சலைப் பற்றி யாரும் உண்மையைச் சொல்வதில்லை. நெல்லை புது பஸ் ஸ்டாண்டில் சாயங்காலம் தென்காசி வண்டி வந்ததும் ஓடிப் போனால் கண்டக்டர் படியில் நின்றுகொண்டு, "தென்காசி மட்டும் ஏறு, ஆலங்குளம் பாவூர்சத்திரமெல்லாம் வண்டி எடுக்கும்போது ஏறிக்கிடுங்க" என்பார். வண்டி எடுக்கும்போது உட்கார இடம் இருக்காது. சிலர் தென்காசிக்கே டிக்கெட் எடுத்து இடையில் இறங்கிவிடுகிறார்கள், ஒருநாள் ரெண்டுநாள் என்றால் சரி, மாசம் முழுக்கக் கட்டுமா? ரயிலில் சீசன் டிக்கெட் எடுத்தால் செலவு குறைச்சல், 2012இல் அகலப்பாதை வந்த பிறகு வசதியும்தான். ஆனால் அது சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், கீழக்கடையம் என்று தெற்கே சுற்றிக்கொண்டு வரும், நேரமும் நம் ஆபீஸ் நேரத்தோடு ஒத்துவந்தால்தான் உண்டு. போகிற வழி அழகு, அதை மறுக்கவே முடியாது. வயல், வாழை, மேற்கே மலை. தினமும் நின்றுகொண்டே பார்த்தால் மலையும் அலுக்கும் என்பது என் கருத்து.

இதெல்லாம்கூடப் பழகிவிடும். எனக்குப் பழகாமல் இருப்பது வேறு ஒன்று. கேரளாவுக்கே காய் அனுப்பும் ஊரில் இருந்துகொண்டு, வேலைக்குப் போகிற நாங்கள் பாளையங்கோட்டை சூப்பர் மார்க்கெட்டில் பிளாஸ்டிக் கவரில் சுற்றிய வெண்டைக்காயை வாங்கிப் பஸ்ஸில் சுமந்துகொண்டு வருகிறோம்! சந்தை காலையில். நாமோ அப்போது பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டிருக்கிறோம். ராத்திரி திரும்பும்போது ரோட்டோரக் கடையில் மிச்சம்மீதிதான். "ஏத்தா, எட்டு மணிக்கு வந்து பிஞ்சுக் கத்தரிக்கா கேட்டா நான் எங்க போவேன்" என்று காய்க்காரம்மா கேட்டது நியாயம்தானே. இப்போது அவரிடமே காலையில் பையைக் கொடுத்துவிட்டுப் போகிறேன், அவர் எடுத்து வைப்பதைத்தான் சமைக்கிறோம். என்ன காய் வேண்டும் என்று நான் சொல்வதை நிறுத்தி ரொம்ப நாளாயிற்று.

நாம் வேலைக்குப் போக வேண்டுமென்றால் போகாத ஆட்கள் ஊரில் இருக்க வேண்டும், இதை நகரத்திலிருந்து வருகிறவர்கள் யோசிப்பதே இல்லை. எங்கள் தெருவில் பாதிப் பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். மடியில் சொளகு, அதில் வெட்டிய இலையும் தூளும், பேச்சு அதுபாட்டுக்கு நடக்கும், விரல் மட்டும் நிற்காது. என் கேஸ் சிலிண்டரை வாங்கி வைப்பதும், பள்ளிக்கூடம் விட்டு வரும் என் மகளைப் பிடித்து உட்காரவைத்து வீட்டுப்பாடம் எழுதச் சொல்வதும் அவர்கள்தான். கேட்டைப் பூட்டிக்கொண்டு, யாரிடமும் முகம் கொடுக்காமல், படுக்க மட்டும் ஊருக்கு வந்துபோகிற குடும்பங்களும் இருக்கின்றன. பீடிக் கூலி எவ்வளவு, தக்காளி இன்று என்ன விலைக்குப் போனது என்று அவர்களுக்குத் தெரியாது. விலை விழுந்து மூட்டையைத் திருப்பி எடுத்துப்போகிற கூலிகூடத் தேறாமல் ஒரு விவசாயி கொட்டிவிட்டுப் போன வாரமும், ஓணத்துக்கு முன்னால் கேரள எல்லைப் புளியரை வழியாக லாரி லாரியாகப் போய் எல்லார் கையிலும் காசு புரளும் வாரமும் அவர்களுக்கு ஒன்றுதான்.

இப்போது பிளாட் விஷயத்துக்கு வருகிறேன், கோபம் வந்தால் வரட்டும். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டம் ஆனது, அப்புறம் நான்கு வழிச்சாலை வேலை வந்தது, ரோட்டோரம் நின்ற பழைய மரங்கள் போயின, அந்த இடத்தில் ஏதோ ஒரு "நகர்" என்று கலர் கலராக போர்டு முளைத்திருக்கிறது. அந்த நகர் எல்லாம் நேற்றுவரை கிணறும் தோட்டமுமாக இருந்த இடம். காய் விளைந்த இடத்தில் கல் நட்டுவிட்டு, 'மார்க்கெட் அருகில்' என்று விளம்பரம் செய்கிறார்கள். இன்னும் கொஞ்ச காலம் இப்படியே போனால் மார்க்கெட்டுக்கு எங்கிருந்து வரத்து வரும்? மதுரையிலிருந்தா? விற்கிற விவசாயியை நான் குறை சொல்ல மாட்டேன், மகளுக்குக் கல்யாணம், பையனுக்குப் படிப்பு, அவர் கஷ்டம் அவருக்கு. வாங்கி வேலி போட்டு, வீடும் கட்டாமல், விலை ஏறட்டும் என்று கருவேலம் வளர்க்கிற நம்மைத்தான் சொல்கிறேன்.

குடிவர ஆசை இருந்தால் ஊருக்குள் பாருங்கள். சென்னையில் மளிகைக் கடை வைத்துப் போனவர்கள், மும்பைக்குப் போனவர்கள் என்று இந்தப் பக்கத்து ஊர்களில் பூட்டிக் கிடக்கும் வீடுகள் ஏராளம். நல்ல தேக்குக் கதவு, முற்றம், பின்னால் ஒரு முருங்கை, கோயில் கொடைத் திருவிழாவுக்கு மட்டும் திறப்பார்கள். கேட்டால் தருவார்கள், ஒரு நிபந்தனை இருக்கும்: ஒரு அறையைப் பூட்டிச் சாவியை அவர்களே வைத்துக்கொள்வார்கள், கொடைக்கு வரும்போது குடும்பத்தோடு வந்து கூடத்தில் பாயைப் போட்டுவிடுவார்கள், நீங்களும் கொடை வரி கொடுக்க வேண்டும். அதற்குச் சம்மதம் என்றால் மட்டும் இன்பாக்ஸுக்கு வாங்க, எங்கள் தெருவிலேயே ஒன்று காலியாக இருக்கிறது.