கதவில் ஒட்டிய கவிதை

மகள் மேல்படிப்புக்காக வெளியூர் போன மறுநாள் காலை, பழக்கத்தில் இரண்டு டம்ளர்களை எடுத்துவிட்டு ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைத்தேன். கதவைச் சாத்தும்போது, தேடாமலே ஒரு வரி நாக்கில் வந்து நின்றது: 'மக்கள் போகிய அணிலாடு முன்றில்'.

குறுந்தொகையின் 41ஆம் பாட்டு. ஆறே அடிகள். காதலர் அருகில் இருந்தால் திருவிழா நடக்கும் ஊரைப் போல மகிழ்கிறேன். அவர் பிரிந்த நாளில், ஆட்கள் விட்டுப்போய் அணில்கள் விளையாடும் முற்றத்தையுடைய வீட்டைப் போலப் பொலிவிழக்கிறேன் என்று ஒருத்தி தோழியிடம் சொல்கிறாள். காதலனைப் பிரிந்தவளின் பாட்டுதான். ஆனால் அன்று காலை என் வீட்டைச் சரியாகச் சொன்னது அதுதான். அந்த அணிலைப் பாருங்கள். ஆள் நடமாடும் முற்றத்தில் அது அவ்வளவு துணிச்சலாக ஓடியாடாது. வெறுமையைச் சொல்ல வந்தவர் துள்ளுகிற ஓர் உயிரைக் காட்டுகிறார்! அவருடைய இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. இந்த உவமையாலேயே அணிலாடு முன்றிலார் ஆகிவிட்டார்.

அந்தப் பாட்டு அன்று எனக்குக் கிடைத்ததற்குக் காரணம், சில மாதங்களுக்கு முன் அது ஒரு வாரம் என் சமையலறை அலமாரிக் கதவில் ஒட்டப்பட்டிருந்ததுதான். வாரத்துக்கு ஒரு கவிதையைக் கையால் எழுதி அங்கே ஒட்டுகிறேன். தண்ணீர் கொதிப்பதற்குள் இரண்டு முறை வாய்விட்டுப் படித்துவிடலாம். திங்களன்று சொற்கள் கரடுமுரடாக இருக்கும். வியாழக்கிழமைக்குள் தாளைப் பார்க்காமலே வாய் சொல்லும்.

கவிதை படிக்க நேரமில்லை என்று சொல்பவர்களிடம் எனக்குச் சண்டை உண்டு. குறுந்தொகைப் பாடல்கள் பெரும்பாலும் நான்கு முதல் எட்டு அடிகள்தாம். குறளுக்கு ஏழே சீர். நேரம் அல்ல, திரும்பத் திரும்ப அதனிடம் போவதுதான் தேவை. ஒரே நாளில் கைப்பேசியில் இருபது கவிதைகளைத் தள்ளிக்கொண்டே போவதைவிட, ஒன்றோடு ஏழு நாள் குடியிருப்பது மேல் என்று உறுதியாக நம்புகிறேன்.

நம்மைக் கவிதையிடமிருந்து விரட்டியது தேர்வுத்தாள். 'பொருள் கூறுக', 'அணியைச் சுட்டுக' என்று கேட்டுக் கேட்டு, கவிதை என்றாலே விடை கண்டுபிடிக்க வேண்டிய புதிர் என்று ஆக்கிவிட்டார்கள். எனக்கும் பள்ளியில் அப்படித்தான் நடந்தது. மதிப்பெண் வந்தது, பாட்டு போய்விட்டது. முழுப்பொருளும் புரியாவிட்டால் என்ன? முதலில் ஓசை உள்ளே போகட்டும். எதுகையும் மோனையும் அடுத்த அடியைக் கைபிடித்து அழைத்து வரும். பொருள் ஒரு நாள், தேவைப்படும் நேரத்தில், தானே வந்து சேரும்.

புதுக்கவிதையில் அந்தப் பிடிமானம் குறைவு. எதுகை இல்லாத வரிகள் மனத்தில் எளிதில் தங்குவதில்லை. அதற்கு நான் செய்வது, வரி முறிகிற இடத்தில் மூச்சை நிறுத்துவது. கவிஞர் எங்கே தயங்கினார் என்பது அந்த மூச்சில் தெரியும்.

இந்த வாரம் கதவில் இருப்பது ஒன்பது வரிப் புதுக்கவிதை. நேற்று இரவு மகள் தொலைபேசியில் அழைத்து, தாளைப் படமெடுத்து அனுப்பச் சொன்னாள். மாட்டேன், கேள் என்று படித்துக் காட்டினேன். முடித்ததும் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "நான்காவது வரியை இன்னொரு முறை சொல்லம்மா" என்றாள்.