நடுவுல நாலு வரியக் காணோம்

ரெண்டாவது செமஸ்டர் கால்குலஸ் கஷ்டம்தான், அது தெரிஞ்சுதான் சேர்ந்தேன். என் ஆத்திரம் அது இல்லை. வாத்தியாருங்க போர்டுல நடுவரிகளை முழுங்குறாங்களே, அதுதான்.

வகையிடலுக்கு, அதாவது ஒண்ணு மாறுற வேகத்தைக் கண்டுபிடிக்க, விதி இருக்கு, போட்டா விடை வரும். அதோட தலைகீழ் வேலையான தொகையிடல் அப்படி இல்லை. எந்த வழின்னு நாமளே மோப்பம் பிடிக்கணும். இ அடுக்கு எக்ஸ், சைன் எக்ஸ் பெருக்கலைத் தொகையிடணும்னு வெச்சுக்குங்க. பெருக்கலைப் பிரிச்சுத் தொகையிடுற பகுதித் தொகையிடலை ரெண்டு தடவை போட்டா, ஆரம்பிச்ச தொகையே மைனஸ் குறியோட திரும்ப வந்து நிக்கும். அதை இடப்பக்கம் கொண்டுபோய் ரெண்டால வகுக்கணும். மொத்தச் சூட்சுமமும் அந்த ஒரு வரிதான். எங்க சார் "ஆகவே"ன்னு எழுதி, விடையைப் போட்டு, டஸ்டரை எடுத்துட்டார்!

அன்னைக்கு ராத்திரி காரைக்குடி வீட்டு வளவுல, ஆத்தங்குடிக் கல்லு பதிச்ச தரையில குப்புறப் படுத்துக்கிட்டு பதினோரு மணி வரை போட்டேன். "கணக்கு எங்கயும் ஓடாது, படுடா"ன்னு அப்பத்தா ரெண்டு தடவை சொல்லிருச்சு.

தொடர்கள், அதாவது முடிவில்லாம கூட்டிக்கிட்டே போற கணக்கு, இன்னும் மோசம். 1, 1/2, 1/3ன்னு ஆயிரம் உறுப்பைக் கூட்டினாலும் 7.5 வரலை, ஆனா அது எல்லையில்லாம வளருமாம். கீழ் எண்களை வர்க்கமாக்கினா 1.645 பக்கத்துல நின்னுடுது. எவ்வளவு அழகான விஷயம்! இதை ஒரே பீரியட்ல முடிச்சிட்டாங்க. ஏன்னு கேட்டா, "போர்ஷன் முடிக்கணும்."

அந்த நாலு வரியை எழுத ரெண்டு நிமிஷம் ஆகுமா?