மிசிசிப்பி பிள்ளைகள் சட்டையில் குத்திய பேட்ஜ்

மாணவர்களின் பேச்சுரிமை என்று எடுத்தாலே எல்லோரும் டிங்கர் வழக்கைத்தான் சொல்கிறார்கள். வியட்நாம் போரை எதிர்த்துக் கையில் கறுப்புப் பட்டி கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போன அயோவா மாநிலப் பிள்ளைகளுக்குச் சாதகமாக 1969-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு. அருமையான தீர்ப்பு, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதற்கு முன்பே அமெரிக்காவின் தெற்கிலுள்ள மிசிசிப்பி மாநிலத்தில் கறுப்பினப் பிள்ளைகள் போட்ட பாதையைப் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை, அதுதான் எனக்கு ஆறவில்லை.

ஊர் பெயர் ஃபிலடெல்ஃபியா. நமக்குத் தெரிந்த அந்தப் பெருநகரம் இல்லை, மிசிசிப்பியில் இருக்கும் சின்ன ஊர். 1964 ஜூனில் ஜேம்ஸ் சேனி, ஆண்ட்ரூ குட்மேன், மைக்கேல் ஷ்வெர்னர் என்ற மூன்று இளைஞர்களை கு க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பலின் ஆட்கள் சுட்டுக் கொன்று மண் அணைக்கு அடியில் புதைத்தது அந்த ஊர்ப் பக்கம்தான். கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக வேலை செய்தார்கள், அவ்வளவுதான் அவர்கள் செய்த குற்றம். ஆகஸ்டில் உடல்களைத் தோண்டி எடுத்தார்கள். செப்டம்பரில் அதே ஊரின் கறுப்பினப் பள்ளிக்கு, நடுவில் எஸ்.என்.சி.சி. (கறுப்பின மக்களின் உரிமைக்காக அறவழியில் போராடிய மாணவர் அமைப்பு) என்றும் சுற்றி 'ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டு' என்றும் எழுதிய வட்ட பேட்ஜைக் குத்திக்கொண்டு பிள்ளைகள் வருகிறார்கள். எந்த ஊரில், எந்த மாதத்தில் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

படிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, கழற்று, இல்லையென்றால் வீட்டுக்குப் போ என்றார் தலைமையாசிரியர். முதலில் மூன்று நான்கு பேர்தான், கழற்றாமல் வீட்டுக்குப் போனார்கள். சில நாளில் முப்பது நாற்பது பேர் குத்திக்கொண்டு வந்து நின்றார்கள். அதிலும் பெரும்பாலானவர்கள் வீட்டுக்குத்தான் போனார்கள், ஒரு வாரம் சஸ்பெண்ட். கத்தவில்லை, கல்லெறியவில்லை. அந்த வயதில் அப்படி ஒரு உறுதி!

பெற்றோரில் சிலர் கோர்ட்டுக்குப் போனார்கள். பர்ன்சைட் வழக்கு என்று பெயர். 1966-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பிள்ளைகள் பக்கம் நின்றது. பேட்ஜைப் பார்த்த மற்ற மாணவர்களுக்கு லேசான ஆர்வம் வந்ததைத் தவிர வகுப்பில் ஒரு தொந்தரவும் இல்லை, பள்ளி நடப்பதற்குப் பெரிய இடைஞ்சல் இல்லாதபோது கருத்தைத் தடுக்க முடியாது என்றது.

சரி, இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அதே நீதிபதிகள் அதே நாளில் மிசிசிப்பியின் இன்னொரு பள்ளி வழக்கில் நிர்வாகம் செய்தது சரி என்றார்கள். அங்கே கேட்காத பிள்ளைகளின் சட்டையிலும் பேட்ஜைக் குத்தினார்களாம், ஒரே சத்தமாம். சட்டப்படி அந்த வேறுபாடு எனக்குப் புரிகிறது. ஆனாலும் கறுப்பினத்தவர் ஓட்டுப் போடப் பெயர் கொடுத்தாலே வேலை போகும், உயிர் போகும் என்றிருந்த மாநிலத்தில் பதின்வயதுப் பிள்ளைகள் கொஞ்சம் சத்தம் போட்டதைப் பெரிய குற்றமாகப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

டிங்கர் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஏப் ஃபோர்ட்டாஸ், பர்ன்சைட் வழக்கைப் பெயர் சொல்லியே எடுத்தாள்கிறார், பள்ளி நடப்பதற்குப் பெரிய இடைஞ்சல் உண்டா என்ற அந்த அளவுகோலைத்தான் அப்படியே பிடித்துக்கொள்கிறார். அவர் மறைக்கவில்லை. அயோவாவிலிருந்து கதையை ஆரம்பிப்பது அதற்கப்புறம் வந்தவர்கள்தான்.