மந்திரியின் பூங்காவில் மாமா

(பாரிஸ். சேன் நதியின் தென்கரையில் ஒரு சின்னப் பூங்கா. எதிரே நோத்ர்தாம் தேவாலயமும் அதன் வாசலில் நீண்ட வரிசையும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மருமகன் முன்னால் நடக்கிறான். பாரிஸில் 30 வருடம் கழித்த மாமா பின்னால் வாங்கு தேடிக்கொண்டு வருகிறார்.)

மாமா: தம்பி, மாமி நோத்ர்தாமில் மெழுகுதிரி கொளுத்தச் சொல்லித்தானே எங்களை அனுப்பினவ. நீ ஏன் ஆற்றைத் தாண்டி இழுத்து வந்தாய்?

மருமகன்: அந்த வரிசையைப் பார்த்தீர்களா மாமா? கொஞ்சம் குறையட்டும். பாரிஸிலேயே வயதான மரம் இங்கேதான் நிற்கிறது. 1601இல் நட்டதாம்.

மாமா: எது, இந்தச் சாய்ந்த மரமா? முட்டுக் கொடுத்தல்லவா நிறுத்தியிருக்கிறார்கள்!

மருமகன்: சீமெந்து முட்டு. ஆனாலும் இன்னும் வெள்ளையாய்ப் பூக்கிறது. பூர்வீகம் அமெரிக்கா. அரசரின் தோட்டக்காரர் ழான் ரொபான் இங்கே வளர்த்தார். அவர் பெயரால்தான் இந்த மரத்துக்கு ரொபினியா என்று பெயர்.

மாமா: வெளிநாட்டிலிருந்து வந்ததா! அப்போது வதிவிட அனுமதிக் காட் கேட்டிருக்க மாட்டார்கள். கொடுத்துவைத்த மரம்.

மருமகன்: அந்தக் கோயிலைப் பாருங்கள், சென் ஜூலியன் லு போவ்ர். 12ஆம் நூற்றாண்டு. பல்கலைக்கழகக் கூட்டங்களே அதற்குள்தான் நடந்தனவாம். 1524இல் மாணவர்கள் அடித்து நொறுக்கியதோடு சரி.

மாமா: போவ்ர் என்றால் ஏழை. பார், எனக்கும் பிரெஞ்சு தெரியும்.

மருமகன்: 1889இலிருந்து அது கீழைத்தேயக் கத்தோலிக்கரிடம் இருக்கிறது. கிரேக்கத்திலும் அரபியிலும் பூசை நடக்கும்.

மாமா: அப்படியானால் உள்ளே போகலாம். பிரெஞ்சுக்காரருக்கும் விளங்காத ஒரு இடம் வேண்டும் என்று எத்தனை நாள் நினைத்திருக்கிறேன்!

மருமகன்: முப்பது வருடத்தில் ஒருநாளும் வரவில்லையா மாமா?

மாமா: (சுற்றிப் பார்க்கிறார்) பொறு. அந்த ஒழுங்கை... அட, அந்த மூலையால் திரும்பினால் நான் 11 வருடம் கோப்பை கழுவின உணவகம்!

மருமகன்: இத்தனை கிட்டவா?

மாமா: குசினி நிலத்துக்குக் கீழே. வரும்போதும் இருட்டு, போகும்போதும் இருட்டு. குப்பை போட வரும்போது இந்த மரங்கள் தெரியும். ஏதோ ஆஸ்பத்திரித் தோட்டம் என்று நினைத்தேன். சரி, பூங்காவுக்கு என்ன பெயர்?

மருமகன்: (தயங்கி) ரெனே விவியானி. 1906இல் பிரான்சின் முதல் தொழில் மந்திரி.

மாமா: தொழில் மந்திரியா? (நீண்ட மௌனம்) அவருக்குப் பூங்கா. தொழில் செய்தவனுக்கு அதைப் பார்க்க நேரமில்லை. நல்லாயிருக்கிறது!

(புல்லோரத்துச் செதுக்குக் கல் ஒன்றில் சாய்கிறார்.)

மருமகன்: மாமா, கவனம்! அது நோத்ர்தாமின் கல். 19ஆம் நூற்றாண்டில் திருத்தியபோது கழற்றியது.

மாமா: கழற்றினதை எறியாமல் வைத்திருக்கிறார்களா? உன் மாமியும் இப்படித்தான். பழுதான ரைஸ் குக்கர் மட்டும் மூன்று கிடக்கிறது.

(கைபேசி அடிக்கிறது. திரையில் மாமி. மாமா நிமிர்ந்து நின்று, ஒரு கையைக் கல்லின்மேல் பக்தியோடு வைக்கிறார்.)

மாமா: ஓமப்பா... நோத்ர்தாமைத் தொட்டுக்கொண்டுதான் நிற்கிறேன்!