வீட்டோடு சேர்த்து விற்கப்படும் குடித்தனக்காரர்கள்

ஒரு பெரிய டெக் கம்பெனி ஏதோ ஒரு சமூக வலைதளத்தை வாங்கப் போகிறது என்று செய்தி வந்தால் போதும், டைம்லைன் முழுக்கக் கணக்குப்பிள்ளைகள்தான். "இவ்வளவு விலையா? தலையில் மிளகாய் அரைத்துவிட்டார்கள்" என்பார் ஒருவர். "நாலு வருஷம் கழித்துப் பாருங்கள்" என்பார் இன்னொருவர். இருவருமே பேசுவது வாங்குகிறவனின் லாப நஷ்டத்தை. விற்பனைக்குப் போகும் சரக்கு நாம்தான் என்பது பேச்சிலேயே வராது. இப்படி ஒரு தளத்தைப் பெரிய கம்பெனி வாங்கலாமா என்றும் யாரும் கேட்பதில்லை.

சும்மா சொல்லவில்லை. 2014-ல் வாட்ஸ்அப்பை வாங்குவதாக ஃபேஸ்புக் அறிவித்தபோது சொன்ன விலை 1,900 கோடி டாலர். அப்போது அங்கே வேலை பார்த்தவர்கள் 55 பேர். விளம்பரம் கிடையாது. முதல் வருஷம் இலவசம், பிறகு வருஷத்துக்கு 1 டாலர் என்று ஒரு கட்டணம் இருந்தது. நான் கட்டியதாக ஞாபகம் இல்லை. ஆனால் மாதந்தோறும் பயன்படுத்தியவர்கள் 45 கோடிப் பேர். வகுத்துப் பாருங்கள், தலைக்கு 42 டாலர் சொச்சம் வரும். 55 பேர் எழுதிய மென்பொருளை ஃபேஸ்புக்கே எழுதியிருக்கலாம், ஆள்பலம் இருந்தது. எழுத முடியாதது அந்த 45 கோடிப் பேரின் தொடர்புகளை. வீட்டை விற்கும்போது குடித்தனக்காரர்களையும் சேர்த்து எழுதிக்கொடுத்த மாதிரி.

அந்த 42 டாலரைப் போட்டவன் எங்கிருந்து திரும்ப எடுப்பான்? 2016-ல் 1 டாலர் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். அதே வருஷம் ஆகஸ்டில், நம் ஃபோன் நம்பரை ஃபேஸ்புக்கோடு பகிர்வோம் என்று கொள்கை மாறியது. வாங்கும்போது, இப்படிப்பட்ட கைமாற்றங்களைப் பரிசீலிக்கும் ஐரோப்பிய ஆணையத்திடம், இரண்டு இடத்துக் கணக்குகளையும் தானாக நம்பகமாகப் பொருத்த முடியாது என்று சொல்லியிருந்தார்கள். அது தவறான தகவல் என்று 2017-ல் 11 கோடி யூரோ அபராதம் விழுந்தது. 1,900 கோடி கொடுத்தவனுக்கு அது டீச்செலவு. வாட்ஸ்அப்பை நிறுவியவர்களில் ஆக்டன் 2017-லும் கூம் 2018-லும் வெளியேறினார்கள். "விளம்பரம் வேண்டாம்" என்பதையே கொள்கையாக வைத்திருந்த செயலியின் ஸ்டேட்டஸ் பக்கத்துக்கு 2025-ல் விளம்பரம் வந்து சேர்ந்தது.

இதுவாவது ஜெயித்த கதை. தோற்ற கதைகளில் நமக்கு மிச்சம் வைப்பதே இல்லை. ஆளாளுக்கு இலவசமாக வலைப்பக்கம் கொடுத்த ஜியோசிட்டீஸை 1999-ல் 350 கோடி டாலருக்கும் மேலான மதிப்புக்கு வாங்கிய யாஹூ, ஜப்பான் தவிர மற்ற இடங்களில் 2009-ல் இழுத்து மூடியது. பெபோ என்ற சமூக வலைதளத்தை ஏஓஎல் என்ற அமெரிக்க இணைய நிறுவனம் 2008-ல் 85 கோடி டாலருக்கு வாங்கியது. 2013-ல் அதை நிறுவியவரே 10 லட்சம் டாலருக்குத் திரும்ப வாங்கிக்கொண்டார். (அந்த மனுஷனை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது.) டம்ளர் (Tumblr) என்ற வலைப்பதிவுத் தளத்தை 110 கோடி டாலருக்கு வாங்கும்போது "கெடுத்துவிட மாட்டோம்" என்று அறிக்கையிலேயே வாக்குக் கொடுத்தது யாஹூ. ஆறே வருஷத்தில் அது 30 லட்சம் டாலருக்கும் குறைவாகக் கைமாறியதாகச் செய்தி வந்தது.

இந்தத் தொகைகள் போனால் பங்குதாரர்கள் அழட்டும். பாட்டுக்காரர்கள் தங்கள் பாடல்களை ஏற்றிவைத்த மைஸ்பேஸ் என்ற சமூக வலைதளத்தின் விஷயம்தான் எனக்கு ஆறவில்லை. 2005-ல் ஒரு மீடியா கம்பெனி 58 கோடி டாலருக்கு வாங்கியது, 2011-ல் சுமார் 3.5 கோடிக்குத் தள்ளிவிட்டது, பிறகும் கைமாறியது. கடைசியில் சர்வர் மாற்றும்போது, 2015 வரை ஏற்றப்பட்டிருந்த பாடல்கள் அழிந்துவிட்டன என்று 2019-ல் தெரியவந்தது. 5 கோடிக்கும் மேல். வேறெங்கும் பிரதி வைத்துக்கொள்ளாத எத்தனை பேருடைய முதல் பாட்டு அதில் போயிருக்கும்!

எனக்கும் ஒரு சின்ன அனுபவம் உண்டு. ஆல்பம் வைத்திருந்த ஒரு தளம், பெயர் வேண்டாம், விற்கப்பட்டது. மூடப் போகிறோம், படங்களை எடுத்துக்கொள்ளுங்கள் என்ற எச்சரிக்கை, நான் எப்போதோ கைவிட்ட மின்னஞ்சலுக்குப் போயிருக்கிறது. நான் போய்ப் பார்த்தபோது பக்கமே இல்லை.

"உழைத்து உருவாக்கியவன் விற்கக் கூடாதா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இன்ஸ்டாகிராமை 2012-ல் 100 கோடி டாலருக்கு விற்பதாக ஒப்புக்கொண்டபோது அங்கே இருந்தது 13 பேர். இந்த அளவுக்கு வளர்ந்ததில் ஃபேஸ்புக்கின் பணத்துக்கும் சர்வருக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் "போட்டி போடுவதைவிட வாங்கிவிடுவது மேல்" என்ற பொருளில் 2008-லேயே மின்னஞ்சல் எழுதிய ஃபேஸ்புக் தலைவர் ஸக்கர்பர்க் கையில் அது போய்ச் சேர்ந்தது. அப்போது விசாரித்துவிட்டுச் சும்மா இருந்த அமெரிக்க வர்த்தக ஆணையம் (ஏகபோகத்தைத் தடுக்க வேண்டிய அமைப்பு), 2020-ல் ஃபேஸ்புக் மீது வழக்குப் போட்டு 2025 நவம்பரில் தோற்றது. டிக்டாக்கும் யூடியூபும் போட்டிக்கு நிற்கும்போது இன்று ஏகபோகம் என்று எப்படிச் சொல்வது என்றது நீதிமன்றம். சட்டப்படி சரியாகவே இருக்கலாம். எட்டு வருஷம் கழித்துக் கதவைத் தட்டினால் அப்படித்தான் பதில் வரும்.

வேலை தேடுவோரும் கொடுப்போரும் கூடும் லிங்க்ட்இன்னை மட்டும் என் கட்சிக்கு எதிர்ச்சாட்சியாக வைத்துக்கொள்ளுங்கள். 2016-ல் மைக்ரோசாஃப்ட் 2,620 கோடி டாலருக்கு வாங்கியது, பழைய தலைமையை அப்படியே விட்டது, இன்றும் நன்றாகவே ஓடுகிறது. ஆள் தேடும் கம்பெனிகளிடம் காசு வாங்கி, விற்பதற்கு முன்பே தன் சோற்றைத் தானே சம்பாதித்த தளம் அது. குடித்தனக்காரனின் சட்டைப்பையில் கைவிட வேண்டிய அவசரம் வாங்கியவனுக்கு இல்லை.

ஆகவே என் பதில்: வாங்கக் கூடாது, இன்றைய விதிமுறைகளில். நம் பதிவுகளையும் தொடர்புகளையும் வேறு தளத்துக்குத் தூக்கிக்கொண்டு போகவும், அங்கிருந்தே இங்கே இருப்பவர்களோடு பேசவும் வழி இருக்கட்டும், அப்புறம் யார் வேண்டுமானாலும் வாங்கட்டும். ஃபோன் கம்பெனி பிடிக்கவில்லை என்றால் நம்பரோடு மாறுகிறோமே, அந்த மாதிரி. மற்றச் செயலிகளுக்குக் கதவைத் திறக்கச் சொல்லி வாட்ஸ்அப்பை ஐரோப்பியச் சட்டம் இப்போது கட்டாயப்படுத்துவதால், தொழில்நுட்பத்தில் முடியாது என்ற சாக்கும் எடுபடாது. அப்படி ஒரு வழி வந்துவிட்டால் தலைக்கு 42 டாலர் கொடுக்க எவனும் வரமாட்டான் என்பது வேறு விஷயம்.

"அப்படியானால் நீ ஏன் இன்னும் ஃபேஸ்புக்கில் எழுதுகிறாய்?" என்று கமெண்டில் கேட்கப் போகிறவர்களுக்கு: நீங்களெல்லாம் இங்கே இருப்பதால்தான்.