தும்பி மலையாளச் சொல் இல்லைங்க

'தும்பி மலையாளம், புளியரை தாண்டினாத்தான் அந்தப் பேரு. தமிழில் தட்டான் மட்டுமே' என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார் (புளியரை தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கும் ஊர்). பேச்சுவழக்கைப் பற்றி என்றால் சரி. எல்லைக்கு இந்தப் பக்கம் செங்கோட்டையில் தட்டான், அந்தப் பக்கம் கேரளத்து ஆரியங்காவில் தும்பி. ஆனால் சொல் நம்முடையதும்தான். தொல்காப்பிய மரபியலிலேயே 'நண்டும் தும்பியும் நான்கறி வினவே' என்று இருக்கிறது.

மாறியது பொருள். குறுந்தொகை 2-ஆம் பாட்டின் 'கொங்குதேர் வாழ்க்கை அஞ்சிறைத் தும்பி'க்குக் கீழே இன்னொருவர் தட்டான் படம் போட்டிருக்கிறார், அதுவும் தப்பு. கொங்கு என்றால் பூந்தாது, தேன். தட்டானுக்குத் தேன் உறிஞ்சும் குழல் கிடையாது. இருப்பது கடிக்கும் தாடை. கொசுவையும் ஈயையும் பறந்தபடியே பிடித்துத் தின்னும். மொட்டு நுனியில் உட்கார்ந்திருப்பதும் இரைக்காகத்தான். ஆக, பாட்டில் வருவது தேன் தேடும் வண்டினம். தெலுங்கில் தும்மெத இன்றும் வண்டுதான், கன்னடத்துத் தும்பியும் அப்படியே. மலையாளத்தில் அந்தப் பேர் தட்டானுக்குப் போய்விட்டது; ஓணத்தும்பி தெரியும்தானே? இன்றைய தமிழ் எழுத்திலும் தட்டானைத் தும்பி என்கிறார்கள், அது குற்றமில்லை. சங்கப்பாட்டில் கொண்டுபோய் ஏற்றுவதுதான் தப்பு.

அந்தப் படத்தில் இருப்பது ஊசித்தட்டான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உட்கார்ந்ததும் சிறகை முதுகோடு மடித்திருக்கிறது பாருங்கள். தட்டான் என்றால் பக்கவாட்டில் விரித்தே வைத்திருக்கும்.